கிளம்பும்போது ‘டக்’: பிக்கப் வண்டியில் ஷாஃப்ட் சத்தத்தை வீட்டிலேயே கண்டுபிடித்துச் சரிசெய்வது

பொலேரோ பிக்கப், தோஸ்த், டாடா ஏஸ் மாதிரியான வண்டிகளில் அடியிலிருந்து ‘டக்’ என்று சத்தம் வந்தால், பெரும்பாலானவர்கள் முதலில் வாங்கி வருவது கிராஸ், அதாவது ஷாஃப்டின் மூட்டில் இருக்கும் சிலுவை வடிவ இணைப்பு. புது கிராஸ் போட்ட பிறகும் சத்தம் அப்படியே இருந்தால் அடுத்து சென்டர் பேரிங் (ஷாஃப்டை நடுவில் தாங்குவது), அதற்கடுத்து கிரவுன் (பின் ஆக்சிலின் நடுவில் உள்ள கியர் தொகுதி) என்று செலவு ஏறிக்கொண்டே போகும். கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரம் வரை எந்த இடத்தில் ஆட்டம் இருந்தாலும் ஓட்டுநர் சீட்டில் ஒரே மாதிரிதான் கேட்கும். கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் உள்ளே காலியான இரும்புக் குழாய். ஒரு முனையில் தட்டுவதை மறுமுனை வரை கொண்டுபோய்விடும். அதனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதால் தேடாதீர்கள். எப்போது வருகிறது என்று கவனியுங்கள். கீழே உள்ள தலைப்புகளில் உங்கள் வண்டிக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்து, முதலில் சொன்ன காரணத்திலிருந்து வரிசையாகப் பாருங்கள். செலவில்லாதது முதலிலும் அதிகச் செலவு வைப்பது கடைசியிலும் இருக்கும்.

வண்டிக்கு அடியில் படுக்கும் முன்

சமதளத்தில் நிறுத்துங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பின்பக்கத்தைத் தூக்க வேண்டியிருந்தால், ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு ஜாக்கி ஸ்டாண்ட் வேண்டும். ஹாலோ பிளாக்கும் செங்கல்லும் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும், அவற்றை நம்பி அடியில் போகாதீர்கள். லுங்கி, துண்டு, தொங்கும் சட்டை எதுவும் வேண்டாம். அடியில் ஆள் இருக்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யக்கூடாது.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. ஷாஃப்டைக் கழற்றிய நிமிடத்திலிருந்து கியர் வண்டியைப் பிடிக்காது. முதல் கியரில் போட்டிருக்கிறேன் என்ற தைரியம் அங்கே உதவாது. சில லாரிகளில் ஹேண்ட் பிரேக் டிரம்மே கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கும். அவற்றில் ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்து போய்விடும். கட்டைகள் மட்டும்தான் மிச்சம்.

அறிகுறி 1: கிளச் விட்டுக் கிளம்பும்போது ஒரு ‘டக்’, ரிவர்ஸ் போட்டால் இன்னொரு ‘டக்’

அதிகமாக வரும் புகார் இதுதான், காரணங்களும் இதற்குத்தான் அதிகம். ஓடிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதித்தால் வரும் ‘டக்’கும் இதே கணக்கில் சேரும்.

*சக்கர நட்டும் ஆக்சில் போல்ட்டும்.* வீல் ஸ்பேனரால் பின்சக்கர நட்டுகள் எல்லாவற்றையும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். ஆக்சிலின் வெளிமுனைத் தட்டு ஹப்போடு போல்ட் போட்டுப் பிடித்திருக்கும் வண்டியானால் அந்தப் போல்ட்டுகளையும் பாருங்கள். லூசான நட்டைச் சுற்றித் துருக்கோடு கசிந்திருக்கும், அல்லது இரும்பு பளபளவென்று தேய்ந்திருக்கும்.

*ஃபிளாஞ்ச் போல்ட்.* ஷாஃப்டின் பின்முனை கிரவுனோடு சேரும் தட்டில் (ஃபிளாஞ்ச்) பெரும்பாலும் 4 போல்ட் இருக்கும். இரண்டு துண்டு ஷாஃப்டில் நடுவிலும் இருக்கும். ஒரு பக்கம் ரிங் ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மறுபக்கம் இறுக்கிப் பாருங்கள். கால் சுற்று வந்தாலும் குற்றவாளி கிடைத்துவிட்டார் என்று அப்படியே இறுக்கிவிட்டு எழுந்துவிடாதீர்கள். லூசாக ஓடிய போல்ட்டின் உடல் தேய்ந்திருக்கும், ஓட்டை நீள்வட்டமாகியிருக்கலாம். போல்ட்டைக் கழற்றி, தேய்ந்திருந்தால் அதே நீளம், அதே மரை, தலையில் அதே வலிமை எண் உள்ள போல்ட்டாக மாற்றுங்கள். 10.9 இருந்த இடத்தில் 8.8 போடக்கூடாது. நைலான் வளையம் உள்ள லாக் நட்டைக் கழற்றினால் புதிது போடுவதே சரி; பழையது கையாலேயே சுற்றிக்கொண்டு போனால் அது பிடிக்காது.

*பட்டையின் யு போல்ட்.* சரக்கு ஏற்றும் வண்டியில் இதைப் பார்க்காமல் ஷாஃப்டில் கை வைப்பது வீண். பட்டையை (இலை ஸ்பிரிங்) பின் ஆக்சிலின் கூடான ஹவுசிங்கோடு பிடித்திருக்கும் யு போல்ட் தளர்ந்தால் கிளம்பும்போது ஹவுசிங் முழுவதும் ஒரு பக்கம் திரும்பி, கிளச்சை மிதித்ததும் திரும்பி வரும். அதுவே ‘டக்’. ஹவுசிங் மேல் உள்ள பட்டை மேடையைப் பாருங்கள்: இரும்பு தேய்ந்து பளிச்சென்று இருக்கிறதா, துருப்பொடி கோடாக வந்திருக்கிறதா? பட்டையின் சென்டர் போல்ட் அறுந்திருந்தால் ஒரு பக்கச் சக்கரம் முன்னாலோ பின்னாலோ நகர்ந்திருக்கும். இருபுறமும் சக்கரத்தின் நடுவிலிருந்து பட்டையின் முன்முனையைப் பிடித்திருக்கும் பின் (pin) வரை டேப் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். யு போல்ட்டை வண்டி தரையில் தன் எடையில் நிற்கும்போது, 4 நட்டையும் குறுக்கும் நெடுக்குமாக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். சென்டர் போல்ட் அறுந்திருந்தால் பட்டைக் கடைக்குப் போய்விடுங்கள். பட்டையைப் பிரிப்பது வீட்டு வேலை இல்லை.

*ஸ்ப்ளைன்.* ஷாஃப்ட் நீளம் கூடிக் குறைவதற்காக உள்ளும் புறமும் பல் வெட்டிய பகுதி. கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கிரீஸ் இல்லாமல் காய்ந்திருந்தால் கிரீஸ் போட்டதும் சத்தம் பெருமளவு அடங்கும். பல்லே தேய்ந்திருந்தால் கிரீஸ் போட்ட சில நாளில் சத்தம் திரும்பிவிடும். யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஸ்ப்ளைன் முனையும் ஜோடியாக மாற்ற வேண்டும்.

*கிராஸ்.* சோதனையைச் சரியாகச் செய்தால் மட்டுமே இதற்குப் பதில் கிடைக்கும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில், ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள். பின் ஜாயின்ட்டில் ஒரு கையால் கிரவுன் ஃபிளாஞ்சை அசையாமல் பிடித்து, மறு கையால் ஷாஃப்டை இடவலமாகத் திருகுங்கள். இருவர் இருந்தால் ஒருவர் திருக, இன்னொருவர் கிராஸின் கால்முனையை மூடும் கப்பும் (உள்ளே ஊசி பேரிங் இருக்கும்) யோக்கும் சேரும் இடத்தில் கட்டைவிரலை வைத்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். பிறகு யோக்குக்கு அடியில் லிவர் கொடுத்து மேலும் கீழும் நெம்புங்கள். நல்ல கிராஸில் எந்தத் திசையிலும் ஆட்டம் இருக்கக்கூடாது. கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை என்ற பேச்சே இதில் கிடையாது. முன் ஜாயின்ட்டைச் சோதிக்கும்போது கியரில் போட்டுக்கொள்ளுங்கள். நியூட்ரலில் கியர்பாக்ஸ் பக்கமும் கூடவே சுற்றும், ஆட்டம் தெரியாது. கப்பைச் சுற்றிச் செம்பழுப்புப் பொடி படிந்திருந்தால் உள்ளே ஊசிகள் காய்ந்து துருப்பிடித்துவிட்டன. ஆட்டம் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

*இன்ஜின், கியர்பாக்ஸ் மவுண்ட்.* பானட்டையோ சீட்டையோ திறந்து வைத்து, ஹேண்ட் பிரேக்கோடு கால் பிரேக்கையும் அழுத்தி, முதல் கியரில் கிளச்சை மெல்லப் பாதிவரை விடச் சொல்லுங்கள். பிறகு ரிவர்ஸிலும் அதேபோல். பார்ப்பவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும், முன்னாலோ பின்னாலோ நிற்கக்கூடாது. இன்ஜின் லேசாக அசைவது இயல்பு. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு எழுந்து ‘டொப்’ என்று உட்கார்ந்தால் மவுண்டின் ரப்பர் பிய்ந்திருக்கிறது.

*கிரவுன்.* இவை எல்லாம் சரியாக இருந்து, கிரவுன் ஃபிளாஞ்சைத் திருகினால் மட்டும் ஆட்டம் வந்தால் வேலை உள்ளே இருக்கிறது. ஃபிளாஞ்சில் சுற்றுவாக்கில் ஓரளவு ஆட்டம் எல்லா வண்டிக்கும் உண்டு. பற்களுக்கு இடையே இடைவெளி இல்லாவிட்டால் கியரே ஓடாது. ஆகவே சுற்றுவாக்கு ஆட்டத்தை மட்டும் பார்த்து கிரவுனைக் கழற்றச் சொல்பவரிடம் அவசரப்பட்டுச் சரி என்று சொல்லாதீர்கள். ஃபிளாஞ்ச் உள்ளும் வெளியுமாகவோ மேலும் கீழுமாகவோ ஆடினால் விஷயம் வேறு: பினியன் (கிரவுனைச் சுழற்றும் சின்ன கியர்) பேரிங் போயிருக்கிறது அல்லது பினியன் நட்டு தளர்ந்திருக்கிறது. அந்த நட்டை நீங்கள் இறுக்கவே கூடாது. அது பேரிங்கின் முன்னழுத்தத்தைத் தீர்மானிக்கும் நட்டு. கொஞ்சம் கூடுதலாக இறுக்கினால் பேரிங் சூடேறி எரியும், கிரவுன் பினியனும் கூடவே போகும். இந்த இடத்தில் மெக்கானிக்.

அறிகுறி 2: பிரேக் பிடித்து நின்ற பிறகு, பின்னால் யாரோ இடித்தது போல ஒரு தள்ளல்

இது ஏறக்குறைய ஸ்ப்ளைன்தான். பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் அழுந்திப் பின்பக்கம் எழும், ஷாஃப்டின் நீளம் மாறும். காய்ந்த ஸ்ப்ளைன் சிக்கிக்கொண்டு, வண்டி நின்றபின் திடீரென்று விடுபடும். கிளம்பிய சில அடிகளில் இன்னொரு தட்டு வருவதும் அதே காரணத்தால்தான்.

கிரீஸ் ஏற்றும் சிறு முனையான நிப்பிள் இருந்தால் துடைத்துவிட்டு, கிரீஸ் கன்னை மெதுவாக அழுத்துங்கள். முனையில் இருக்கும் சிறு காற்றுத் துளையில் கிரீஸ் எட்டிப் பார்த்ததும் அந்தத் துளையை விரலால் மூடி, சீல் ஓரத்தில் கிரீஸ் வரும்வரை இன்னும் கொஞ்சம். அதற்கு மேல் வேண்டாம். அளவுக்கு மீறி அடைத்தால் ஸ்ப்ளைன் உள்ளே போக இடமில்லாமல் முனை மூடி தெறித்துவிடும். நிப்பிள் இல்லாத வண்டியில் ஷாஃப்டை இறக்கி, இரு பாதிகளின் மேலும் நேர்கோட்டில் பெயின்ட் குறி வைத்து, உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, மாலி (மாலிப்டினம் டைசல்ஃபைடு) கலந்த கிரீஸ் தடவிக் குறிக்கு நேராகத் திரும்பச் சேருங்கள். குறி ஒரு பல் தவறினாலும் அறிகுறி 4 வந்து சேரும்.

பின்பிரேக் ஷூ தளர்ந்திருந்தாலும் ஒரு தட்டு வரும். ஆனால் அது முன்னால் போய்ப் பிரேக் பிடித்து, பின் ரிவர்ஸில் முதல் பிரேக் பிடிக்கும்போது ஒருமுறை வரும். டிரம்மைக் கழற்றி ஷூ ஸ்பிரிங்கையும் பின்தட்டின் போல்ட்டுகளையும் பாருங்கள்.

அறிகுறி 3: மெதுவாகப் போகையில் ‘கீச், கீச்’

இந்த வண்டிகளில் சக்கரம் ஒரு சுற்று வந்தால் ஷாஃப்ட் சுமார் 4 முதல் 5 சுற்று வரும். கீச்சு வேகமாக, அடுத்தடுத்து வந்தால் ஷாஃப்ட்; சக்கரச் சுற்றுக்கு ஒன்றாக நிதானமாக வந்தால் பிரேக் டிரம் அல்லது வீல் பேரிங்.

ஷாஃப்ட் என்றால் கிராஸ் காய்ந்திருக்கிறது. லித்தியம் இ.பி. 2 ரக கிரீஸை, 4 கப்பின் சீலிலிருந்தும் புது கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் வேலை முடியவில்லை. அந்த ஒரு கப் காய்ந்தே ஓடி, மொத்த கிராஸையும் கொண்டுபோய்விடும். ஷாஃப்டைத் திருப்பி, அந்தக் கப் பக்கம் நெம்பிக்கொண்டே மறுபடி அடித்துப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் மாற்றுவதுதான் வழி. கிரீஸோடு துருநிறத் தண்ணீர் வந்தாலும் அதே முடிவு.

சர்வீஸ் ஸ்டேஷனில் பிரஷர் வாட்டர் அடித்த மறுநாளும், மழைவெள்ளத்தில் ஹவுசிங் முழுகிய பிறகும் கிரீஸ் அடித்துவிடுவது நல்லது. உப்பு, மீன், ஈர மணல் ஏற்றும் வண்டிகளுக்குக் கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 4: கிளம்பும்போது வண்டி உடம்பில் நடுக்கம், அல்லது குறிப்பிட்ட வேகத்தில் அதிர்வு

முதலில் குழாயைக் கையால் தடவுங்கள். காய்ந்த சேறு, தார் ஒட்டியிருந்தால் சுரண்டுங்கள். பள்ளம் விழுந்திருக்கிறதா, பேலன்சுக்காக வெல்டிங் வைத்த சிறு தகடு உதிர்ந்த தழும்பு தெரிகிறதா என்று பாருங்கள்.

இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் அடுத்தது சென்டர் பேரிங். கிளம்பும்போது மட்டும் நடுங்கினால் அதைத் தாங்கும் ரப்பரைச் சந்தேகியுங்கள். லிவரால் ஷாஃப்டை மேலே தூக்கினால் ரப்பரில் கிழிசல் வாய் திறக்கும். வேகம் கூடக்கூட ‘ங்ங்’ என்று இரைந்தால் பேரிங். பிராக்கெட் போல்ட்டு லூசாக இருந்தாலும் இதே நடுக்கம் வரும், முதலில் அதை இறுக்கிப் பாருங்கள். பேரிங்கை மாற்ற ஷாஃப்டைப் பிரித்து, நடு ஃபிளாஞ்சின் நட்டை அவிழ்த்து, புல்லரும் பிரஸ்ஸும் கொண்டு இழுக்க வேண்டும். பிரஸ் இல்லாமல் சுத்தியலால் அடித்து ஏற்றிய பேரிங் நீண்ட நாள் ஓடாது. இறக்கி ஏற்றுவதை நீங்கள் செய்து, பேரிங்கை மட்டும் பட்டறையில் மாற்றிக்கொள்ளலாம்.

சமீபத்தில் யாராவது ஷாஃப்டைக் கழற்றி மாட்டியிருந்தால் யோக்குகளின் நேரைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஒரே ஷாஃப்டின் இருமுனை யோக் காதுகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். பல ஷாஃப்டுகளில் அதற்கு அம்புக்குறியே இருக்கும்.

இன்னொரு காரணம் நம் ஊர்ச் சரக்கு வண்டிகளுக்கே உரியது. அதிக லோடுக்காகக் கூடுதல் பட்டை ஏற்றிய வண்டியில் பின்பக்கம் உயர்ந்து, கிரவுன் மூக்கின் கோணமும் ஷாஃப்டின் கோணமும் மாறிவிடும். காலியாக ஓடும்போது அதிர்வு, லோடு ஏற்றினால் அடங்கிவிடும். கிராஸ் திரும்பத் திரும்பப் போகும். இத்தகைய வண்டியில் எத்தனை கிராஸ் போட்டாலும் தீராது. பட்டையைப் பழைய எண்ணிக்கைக்குக் கொண்டுவர வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் பேலன்சிங் மெஷின் உள்ள பட்டறை. வீட்டில் கிளாம்ப் கட்டிப் பேலன்ஸ் பார்க்கும் முறையை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்; சுழலும் ஷாஃப்டிலிருந்து கழன்ற கிளாம்ப் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அறிகுறி 5: பள்ளத்தில் இறங்கினால் மட்டும், அல்லது வளைவில் மட்டும்

பள்ளத்தில் மட்டும் என்றால் ஷாஃப்டை விட்டுவிடுங்கள். பட்டையின் ஷாக்கிள் புஷ், ஷாக் அப்சார்பர் புஷ், ஸ்டெப்னி தொங்கும் சங்கிலி, லோடு பாடியைச் சேசிஸோடு பிடிக்கும் போல்ட், சைலன்சர் ரப்பர் என்ற வரிசையில் பாருங்கள். வளைவில் மட்டும் ‘கடக் கடக்’ என்றால் டிஃபரன்ஷியலின் சின்ன கியர்கள் அல்லது வீல் பேரிங். கிரவுன் ஆயிலின் வடிகால் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். சாம்பல்நிற மாவு போன்ற துகள் இயல்பு, கையில் குத்தும் சில் கிடைத்தால் வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள்.

கிராஸ் மாற்றுவது

தேவை: பெரிய வைஸ், சர்க்லிப் (கப் வெளியே வராமல் பிடிக்கும் வளையம்) பிளையர், கப்பைவிடச் சற்றுச் சிறிய சாக்கெட் ஒன்று, கப் முழுதாக உள்ளே போகும் அளவுக்குப் பெரிய சாக்கெட் ஒன்று, பித்தளைச் சுத்தியல், கிரீஸ் கன், வெர்னியர் (நுட்பமாக அளக்கும் கருவி), டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்). வைஸ் இல்லையென்றால் ஷாஃப்டைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். தரையில் வைத்துச் சுத்தியலால் அடித்துக் கழற்றுவதில்தான் யோக் கெடுகிறது.

முதலில் குறி. சாக்பீஸ் கிரீஸில் அழியும். ஃபிளாஞ்ச் ஜோடியின் குறுக்கே சென்டர் பஞ்ச்சால் ஒரு புள்ளி, அல்லது பெயின்ட் கோடு. கடைசி போல்ட்டை உருவும்போது ஷாஃப்டைக் கயிற்றில் தாங்கலாகக் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையில் மட்டும் தொங்கவிட்டால் சென்டர் பேரிங் ரப்பர் கிழியும். முன்முனை கியர்பாக்ஸுக்குள் சொருகியிருக்கும் வகையானால் உருவியதும் கியர் ஆயில் கொட்டும். தட்டு வைத்து, வாயைப் பாலிதீன் பையால் இறுக்கிக் கட்டுங்கள்.

வைஸில் யோக்கைப் பிடியுங்கள், குழாயைப் பிடிக்காதீர்கள். குழாய் நசுங்கினால் பேலன்ஸ் போய்விடும். சர்க்லிப் பள்ளத்தில் உள்ள துருவைச் சுரண்டி, துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து, கப்பை உட்பக்கமாக லேசாக ஒரு தட்டுத் தட்டினால் சர்க்லிப் இளகும். 4 சர்க்லிப்பும் வந்த பிறகு, ஒரு கப்பின் மேல் சிறிய சாக்கெட், எதிர்க் கப்பைச் சூழப் பெரிய சாக்கெட், இரண்டையும் வைஸுக்கு நடுவே வைத்து இறுக்குங்கள். எதிர்க் கப் பெரிய சாக்கெட்டுக்குள் வந்துவிடும். திருப்பிப் போட்டு மறுபக்கமும் அப்படியே.

யோக் ஓட்டையை மெல்லிய எமரி தாளால் துடையுங்கள். இப்போது புது கப்பை ஓட்டையில் வைத்துப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தினாலே வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் யோக் தேய்ந்துவிட்டது. பஞ்ச் அடித்து, தகடு சொருகி ஒப்பேற்றுபவர்கள் உண்டு, அது நிற்காது. யோக்கை மாற்ற வேண்டும், பேலன்ஸும் செய்ய வேண்டும். பட்டறை வேலை.

புது கிராஸைப் பழையதோடு வெர்னியரில் ஒப்பிடுங்கள்: கப்பின் விட்டம், கப்போடு சேர்த்த மொத்த நீளம். ஒரே மாடலிலேயே அளவு மாறும் என்பதால் வண்டிப் பெயரைச் சொல்லி வாங்கியதை நம்பாதீர்கள். கப்பைக் கழற்றி, ஊசிகள் சாயாமல் சுவரோடு ஒட்டிநிற்கும் அளவுக்கு உள்ளே கிரீஸ் தடவுங்கள். பெட்டியில் வரும்போது தடவியிருப்பது ஓட்டத்துக்குப் போதாது.

ஒரு கப்பைப் பாதிவரை ஏற்றி, கிராஸை உள்ளே விட்டு, அதன் கால் கப்புக்குள் நிற்கும்படி பிடித்துக்கொண்டு எதிர்க் கப்பை வையுங்கள். வைஸை இறுக்கும்போது கிராஸின் கால் இரண்டு கப்புக்குள்ளும் இருந்துகொண்டே இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து வெளியே வந்தால் ஊசி சாய்ந்து விழும். கப் 2, 3 மி.மீ. மிச்சம் வைத்து நின்றுவிட்டால் மேலும் இறுக்காதீர்கள். அடியில் ஊசி குறுக்கே கிடக்கிறது. கழற்றி, அடுக்கி, மறுபடி. நிப்பிள் ஷாஃப்ட் குழாய்ப் பக்கம், கிரீஸ் கன் எட்டும்படி இருக்கட்டும். தலைகீழாகப் போட்டுவிட்டு மாட்டிய பிறகு தெரிந்தால் முழு வேலையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

சர்க்லிப்பைப் போட்டபின் ஸ்க்ரூடிரைவர் முனையால் பள்ளத்துக்குள் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் சரியாக அமர்ந்திருக்கிறது. ஜாயின்ட்டைக் கையால் மடக்கினால் இறுக்கமாக இருக்கிறதா? யோக்கின் காதுகளைப் பித்தளைச் சுத்தியலால் வெளிப்பக்கமாக ஒரு தட்டுத் தட்டினால் கப் சர்க்லிப்போடு ஒட்டி நின்று இளகிவிடும். எந்தக் கோணத்திலும் சீராக மடங்க வேண்டும், ஓரிடத்தில் மட்டும் பிடிக்கக்கூடாது.

குறிக்கு நேராக மாட்டி, ஃபிளாஞ்ச் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேடு சொல்லும் டார்க்கில் இறுக்குங்கள். அதன்பிறகு 4 கப்பிலும் வெளிவரும்வரை கிரீஸ். கியர் ஆயில் கொட்டியிருந்தால் அளவு பார்த்து ஊற்றுங்கள். காலி வண்டியில் முதலில் 20 கி.மீ. வேகத்தில் ஓட்டி, இறங்கி, கப்புகளைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுடுகிறது என்றால் அந்தக் கப்பில் ஊசி சாய்ந்திருக்கிறது அல்லது கிரீஸ் போகவில்லை. 100 கி.மீ. ஓடியபின் ஃபிளாஞ்ச் போல்ட்டையும் யு போல்ட்டையும் மறுபடி டார்க் பாருங்கள்.

ஓட்டவே கூடாத நிலை

கையால் ஆட்டினாலே கிராஸ் ‘கடக்’ என்கிறது, சர்க்லிப் ஒன்று காணாமல் போயிருக்கிறது, கப் யோக்கிலிருந்து வெளியே எட்டிப் பார்க்கிறது, குழாயின் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல், ஃபிளாஞ்ச் போல்ட் ஒன்று அறுந்திருக்கிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் பட்டறைவரை மெதுவாகப் போய்விடலாம் என்று கிளம்பாதீர்கள். முன் ஜாயின்ட் அறுந்தால் ஷாஃப்டின் முன்முனை தார் ரோட்டில் குத்தி, பின்பக்கத்தைத் தூக்கிவிடும். பின் ஜாயின்ட் அறுந்தால் சுழலும் ஷாஃப்ட் பிரேக் பைப்பையும் டீசல் லைனையும் அடித்து அறுக்கும். மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கே வரச் சொல்லுங்கள். இழுத்துத்தான் போக வேண்டும் என்றால் ஷாஃப்டைக் கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டு, பிரேக்குக்கு இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, இரும்பு பாரால் இழுத்துச் செல்லுங்கள்.